கொழும்பில் வாங்கிய பூட்ஸ்

அன்றைக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பகல் பாசஞ்சருக்காக நின்றவர்கள் இவர்கள்: நான், ஆரோக்கியம், டெய்லர் குப்பண்ணன், கையில் புளிச்சோற்றுத் தூக்கோடு குப்பண்ணன் சம்சாரம், ஜெபமாலையை உருட்டிக்கொண்டு ஆரோக்கியத்தின் அம்மா, என்னை வழியனுப்ப வந்த என் அண்ணன். போர்ட்டரைச் சேர்க்கவில்லை. அவர் எங்கள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

நரசிம்மன் இந்தக் கணக்கில் வரமாட்டான். அவன் திண்டிவனத்துக்காரன். அங்கேயே ஏறி எங்களுக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

நாங்கள் போனது கொழும்புக்கு. இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை என்று நாலு நாடும் ஆடுகிற கால்பந்துப் போட்டியைப் பார்க்க.

வண்டி வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னலில் நரசிம்மனின் தலை தெரிந்தது. "ஆரோக்கியம்! இங்க! இங்க வா!" என்று கத்தினான். ஏறவேண்டியவர்கள் மூன்று பேர் நிற்கிறோம். கூப்பிட்டது ஒரு பெயரைத்தான்.

உள்ளே போய்ப் பார்த்தால், பெஞ்சின் மேல் அவனுடைய கோடு போட்ட துண்டு விரித்துக் கிடந்தது. ஜன்னலோரம் ஆரோக்கியத்துக்கு. அதற்குப் பக்கத்தில், வயதில் மூத்தவர் என்று, குப்பண்ணனுக்கு. துண்டு அதோடு முடிந்துவிட்டது.

"பலராமா, நீ பொட்டி மேல குந்திக்கினு வா. கடலூர்ல எடம் காலியாவும்" என்றான் நரசிம்மன்.

கடலூரில் காலியாகவில்லை. சிதம்பரத்திலும் இல்லை. மாயவரம் தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது. அதுவும் ஒரு தடுப்புக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் ஆரோக்கியத்தின் பின்னந்தலை மட்டும் தெரியும். அது சிரிக்கும்போதெல்லாம் ஆடும்.

நான் எப்படிப்பட்டவன்

போன வாரம் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், நான் தராசு பிடிக்கப் போன கதையை எழுதியிருந்தேன். படிப்பை ஏன் விட்டேன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எட்டாவது பரீட்சையில் ஃபெயிலாகிவிடுவோமோ என்று ஒரு மாதம் தூங்காமல் கவலைப்பட்டு, பரீட்சை அன்றைக்கு எழுதப் போகாமலே இருந்துவிட்டேன். ஃபெயிலாகவில்லை. அந்த வகையில் நிம்மதி.

இப்படிப்பட்டவனைப் பந்தாட்டத்தில் எங்கே நிறுத்துவார்கள்? எங்கள் டீமில் நான் எக்ஸ்ட்ரா. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இறங்குவேன். யாருக்கும் உடம்பு கெடாது. கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆரோக்கியம் லெஃப்ட் அவுட். ரயில் காலனி மைதானத்தில் அவன் ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால், எஞ்சின் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள் கரித்துணியோடு வெளியே வந்து நின்று பார்ப்பார்கள். அவனுக்கும் அங்கேதான் வேலை. எஞ்சின் துடைக்கிற வேலை, அதுவும் டெம்பரவரி. மாதம் பிறந்தால் வேலை இருக்குமோ போகுமோ தெரியாது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பூட்ஸ் கிடையாது. எல்லாரும் வெறுங்கால்தான். மைதானத்தில் பாதிக்கு மேல் நெருஞ்சி. ஆட்டம் முடிந்ததும் ஆரோக்கியம் நேராக என்னிடம் வருவான். கொடியைப் போட்டுவிட்டு உட்காருவேன். அவன் காலைத் தூக்கி என் மடியில் வைப்பான். சட்டையில் குத்தியிருக்கிற ஊக்கை எடுத்து ஒவ்வொரு முள்ளாக நான் எடுப்பேன். வேறு யார் எடுத்தாலும் அவனுக்கு வலிக்கும். "பலராமன் கையில மயக்க மருந்து வெச்சிக்கினு இருக்கறான்" என்பான்.

அந்த டீமில் எனக்கு இருந்த இடம் அதுதான். அதற்குப் போட்டிக்கு யாரும் வந்ததில்லை, நரசிம்மன் வருகிற வரைக்கும்.

திண்டிவனத்து விருந்தாளி

நரசிம்மன் அரிசி மில் முதலாளியின் பிள்ளை. காலேஜ் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவன். திண்டிவனம் டீமுக்கு அவன்தான் கேப்டன், பந்தும் அவனுடையதுதான். ஒருமுறை எங்களோடு ஆட வந்தார்கள். ஆரோக்கியம் அவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டான். தோற்றவன் முறைத்துக்கொண்டு போகவேண்டியதுதானே? நரசிம்மன் ஓடி வந்து ஆரோக்கியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து விழுப்புரம் வந்துவிடுவான்.

ஆரோக்கியம் அப்போதெல்லாம் அவனை "வாங்க, போங்க" என்றுதான் பேசுவான். எனக்கு அதில் ஒரு ஆறுதல். என்னை "டா" போடுகிறான், அவனை "ங்க" போடுகிறான். யார் கிட்டத்து ஆள் என்று இதிலேயே தெரியவில்லையா?

கொழும்பு யோசனை நரசிம்மனுடையது. "பொன்மலையில ரயில்வே பெரிய டீமுக்கு ஆள் எடுக்கப் போறாங்களாம். செலக்ட் ஆனா வேலை பர்மனெண்ட். ஆனா வெறுங்காலோட வந்தா மைதானத்துல எறங்க உடமாட்டாங்க. நம்ம இந்தியா டீமே இப்ப பூட்ஸ் போட்டு ஆடுது. பூட்ஸ்ல எப்பிடி ஆடுறான்னு நேர்ல பாத்தாத்தான் புரியும்" என்றான்.

ஆரோக்கியத்தின் கண் பளபளத்தது. பர்மனெண்ட் என்ற வார்த்தை அவன் வீட்டில் சோற்றுக்குச் சமம். எனக்கு வேறொன்று புரிந்தது. செலக்ட் ஆனால் அவன் பொன்மலைக்குப் போய்விடுவான்.

பந்தாட்டம் என்றால் உயிரை விடுகிற குப்பண்ணன் தன் காசிலேயே வருவதாகச் சொன்னார். ஆரோக்கியத்தின் செலவு முழுக்க நரசிம்மன் ஏற்றுக்கொண்டான். நான் ஏற்றுக்கொண்டிருக்கலாம். என் சேமிப்பு என் ஒருத்தனுக்கு மட்டும்தான் போதுமாயிருந்தது. அதையும் அண்ணன் கிணறு வெட்டக் கேட்டபோது இல்லை என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தேன்.

நீ எதற்குப் போகிறாய் என்று அண்ணன் கேட்டார். ஆட்டம் பார்க்க என்றேன். ஆரோக்கியத்தையும் நரசிம்மனையும் நான் இல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு ஊசி

இலங்கைக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும். அதற்கு நாங்கள் அலைந்த கதையைத் தனியாகத்தான் எழுதவேண்டும். அதோடு காலரா ஊசி போட்டுக்கொண்ட சீட்டும் வேண்டும். நாலு பேரும் திண்டிவனத்தில் ஒன்றாகப் போய் ஊசி போட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து சீட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். என் சீட்டில் மட்டும் சீல் சரியாக விழவில்லை. பாதி வட்டம்தான் தெரிந்தது. மற்ற மூன்று பேருக்கும் முழு வட்டம். கப்பலடியில் என்னை மட்டும் நிறுத்திவிட்டு அவர்களை விட்டுவிட்டால்?

இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு, புறப்படுவதற்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய், முதல் ஊசியே போடாதவன் மாதிரி நின்று, இன்னொரு ஊசி போட்டுக்கொண்டேன். இந்தச் சீட்டில் சீல் அம்சமாக விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வண்டி மானாமதுரையைத் தாண்டும்போது தோள் வீங்கி, உடம்பு கொதிக்க ஆரம்பித்தது.

மண்டபம் ஸ்டேஷனில் இலங்கைக்குப் போகிற எல்லாரையும் சோதனைக்கு இறக்கினார்கள். டாக்டர் ஒவ்வொருவர் சீட்டாகப் பார்த்து, கழுத்தில் கை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். என் கழுத்தில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டார்.

"காய்ச்சலா?"

"இல்லீங்க, வெயில்ல வந்தது" என்று இரண்டு சீட்டையும் நீட்டினேன்.

"இது என்ன, இன்னொண்ணு?"

"இதுவும் ஊசி சீட்டுதாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க. மொத சீட்டுல சீல் சரியா விழல. யாராவது கேட்டா இன்னா பண்றதுன்னு..."

டாக்டர் கம்பவுண்டரைப் பார்த்தார். கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார்.

"அந்தப் பாதி சீலே போதும்யா" என்றார் டாக்டர். "சூடு இறங்குற வரைக்கும் கேம்ப்பில் இரு. மத்தவங்க போகலாம்."

குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு சட்டைக்கு ரெண்டு தடவ காஜா எடுத்தா மாதிரி ஆச்சேடா!"

ஆரோக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றான். "நான் இவங்கூட இருக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றான்.

அந்த வார்த்தையில் காய்ச்சல் பாதி இறங்கிவிட்டது.

நரசிம்மன் சொன்னான்: "இருந்து இன்னா பண்ணுவ? நாளான்னிக்கு மொத ஆட்டம். பூட்ஸ் ஆட்டம் பாக்கத்தானே வந்தோம்? பேஜாரு பண்ணாத."

இப்போது நான் ஏதாவது சொல்லவேண்டும். எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பெருந்தன்மையாக, "நீ போடா ஆரோக்கியம். எனக்கு இன்னா ஆயிடப் போவுது? போ" என்றேன். ஒரு தடவை சொன்னால் மாட்டேன் என்பான், இரண்டாவது தடவை சொன்னால் முறைப்பான், மூன்றாவது தடவை சொல்வதற்குள் பெட்டியைக் கீழே வைத்துவிடுவான் என்று கணக்கு.

"சரி, அப்ப ஜல்தியா வந்து சேரு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கேம்ப்

கேம்ப்பில் சோறு நன்றாகத்தான் போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கப்பல் தட்டில் இரண்டு பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். காற்றில் இரண்டு பேர் சட்டையும் படபடக்கிறது. ஒருவன் எதையோ காட்டுகிறான், மற்றவன் பார்க்கிறான். அந்தப் படத்தில் குப்பண்ணனைக்கூட நான் சேர்க்கவில்லை.

பக்கத்துப் பாயில் வானூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர், இரண்டு பிள்ளைகளோடு. புருஷன் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாராம்.

"நீங்க எந்தத் தோட்டத்துக்குப் போறீங்க தம்பி?"

"தோட்டத்துக்கு இல்லம்மா. பந்தாட்டம் பாக்கப் போறேன்."

"ஏன், உங்க ஊர்ல மைதானம் இல்லியா?"

"இருக்குது."

"அப்புறம்?" என்று யோசித்துவிட்டு, "ஒண்டியாவா வந்தீங்க?" என்றார்.

"கூட மூணு பேர் வந்தாங்க. முன்னாடி போயிருக்காங்க."

"உட்டுட்டா போய்ட்டாங்க?"

அந்த அம்மா இரக்கத்தோடுதான் கேட்டார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சூடு இறங்கி, தனியாகத் தனுஷ்கோடி போய், தனியாகக் கப்பல் ஏறினேன். அந்த ஊரும் தண்டவாளமும் பிறகு புயலில் கடலுக்குள் போய்விட்டன. எல்லாரும் அந்தக் கடலின் நிறத்தைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது கப்பல் எண்ணெயின் நாற்றமும், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததும்தான்.

கும்பிடு

கொழும்பு ஸ்டேஷனில் குப்பண்ணன் மட்டும் நின்றிருந்தார்.

"ஆரோக்கியம் எங்கண்ணே?"

"அவங்க ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போயிருக்காங்க. உனக்கு ஒடம்பு எப்பிடி? மூணாவது ஊசி ஒண்ணும் போட்டுக்கலியே?"

தங்கியிருந்தது செட்டியார் தெருவில், நரசிம்மனின் அப்பாவுக்குத் தெரிந்த அரிசிக் கடைக்காரர் வீட்டு மாடி அறை. மூன்று பாய் சுவரோரம் வரிசையாகக் கிடந்தது. என் பாயைக் கதவோரம் விரித்தார்கள். கதவைத் திறந்தால் என் காலில் இடிக்கும்.

அந்தியில் வந்தார்கள். இரண்டு பேர் வேட்டி நுனியிலும் ஈர மணல். ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து தோளைப் பிடித்தான். வீங்கின தோளையே பிடித்தான். அதுகூட நன்றாகத்தான் இருந்தது. உடனே திரும்பி, "டேய் நரசிம்மா, அந்தப் பர்மாக்காரன் கும்பிட்டத இவனுக்குச் செஞ்சு காட்டுடா" என்றான்.

டேய். நரசிம்மா. டா.

முதல் ஆட்டத்தில் பர்மா கோல்கீப்பர் ஆட்டம் தொடங்குமுன் கோல் கம்பத்தைத் தொட்டு என்னவோ ஒரு விதமாகக் கும்பிட்டானாம். நரசிம்மன் அறைக் கதவைக் கம்பமாக வைத்துச் செய்து காட்டினான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதற்கப்புறம் சோறு வந்தால் கும்பிடு, பஸ் வந்தால் கும்பிடு. ஒருவன் கையைத் தூக்கினால் போதும், மற்றவன் புரையேறிச் சிரிப்பான். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் பின்தங்கிச் சிரித்தேன்.

நாலு பேரும் சேர்ந்து பார்த்தது ஒரே ஒரு ஆட்டம். காலையில் மழை பெய்து மைதானம் சேறாக இருந்தது. உட்கார்ந்த வரிசை: நரசிம்மன், ஆரோக்கியம், குப்பண்ணன், நான்.

ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நம்மவர்கள் பூட்ஸோடு ஓடினார்கள், வழுக்கவே இல்லை, அது தெரியும். அதைவிட நன்றாகத் தெரிவது, ஆரோக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். நம் லெஃப்ட் அவுட்டுக்குப் பந்து வரும்போதெல்லாம் அவன் இடது கால் விரல்கள் மடங்கி மடங்கி விரியும். பந்து போய்விட்டால் ஓயும். அந்தக் காலில் எந்த இடத்தில் பழைய முள் வடு இருக்கிறது என்று நான் சொல்வேன். நரசிம்மன் சொல்லட்டும் பார்க்கலாம்.

நரசிம்மன் அவன் காதோரம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். ஜனங்கள் கத்தினதில் எனக்குக் கேட்கவில்லை.

"குப்பண்ணே, இன்னா சொல்றான் அவன்?"

"ஆட்டத்தப் பாருடா. இதுக்காடா ரெண்டு ஊசி போட்டுக்கின?" என்றார் குப்பண்ணன்.

புறக்கோட்டையில்

கிளம்புவதற்கு முதல் நாள் புறக்கோட்டைக் கடைத்தெருவில் சுற்றினோம். ஒரு கடைக் கண்ணாடிக்குள் பூட்ஸ். பழுப்புத் தோல், வெள்ளைக் கயிறு. ஆரோக்கியம் நின்றான். உள்ளே போய் காலில் மாட்டிப் பார்த்தான். நாலு அடி நடந்தான். தரையில் டக் டக் என்று சத்தம். அவன் முகம் எப்படியிருந்தது என்பதை விட்டுவிடுகிறேன். விலையைக் கேட்டான். இருபத்தெட்டு ரூபாய். கழற்றி, வேட்டி நுனியால் உள்ளே துடைத்து, ஜோடியாக வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

குப்பண்ணனும் அவனும் எதிர்க்கடையில் பட்டன் பார்த்துக்கொண்டிருந்தபோது, நரசிம்மன் என் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தான். என்னை அவன் தனியாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பலராமா, உங்கிட்ட எவ்ளோ இருக்குது?"

என் கை தானாக மடிக்குப் போனது. "ஏன், இன்னா ஆச்சுங்க?"

"பூட்ஸ் வாங்கணும்டா. எங்கிட்ட பதினொண்ணுதான் மிச்சம். டிக்கெட்டு, சாப்பாடு, எல்லாம் ரெண்டு ரெண்டா ஆச்சு. கடைக்காரர் கிட்ட கேட்டா அப்பாவுக்கு எழுதிடுவாரு. பதினேழு குடு. ஊருக்குப் போனதும் குடுத்துடறேன்."

என்னிடம் இருந்தது. கேம்ப்பில் கிடந்ததால் செலவே ஆகவில்லை. இரண்டு ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, கடற்கரை இல்லை, ஐஸ்கிரீம் இல்லை. அவர்கள் என்னை விட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பெல்லாம் என் மடியில் நோட்டாக இருந்தது.

"அவனுக்குச் சொல்லாத" என்றான் நரசிம்மன். "உன் காசுன்னு தெரிஞ்சா தொடமாட்டான். உன் வீட்டுக் கஷ்டம் அவனுக்குத் தெரியும். என் காசுன்னா வாங்கிக்குவான்."

அவன் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

சந்தில் நின்று யோசித்தேன். பூட்ஸ் இல்லையென்றால் பொன்மலை இல்லை. பொன்மலை இல்லையென்றால் அவன் எஞ்சின் கொட்டகையில் கரித்துணியோடு இருப்பான். ஞாயிற்றுக்கிழமை என் மடியில் கால் வைப்பான். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தால் அந்தக் கால் இனி என்னிடம் வராது. அதற்கு நரசிம்மன் என் காசையே கேட்கிறான். அதுவும் தன் பேரில் வாங்கிக் கொடுக்க.

எதிர்க்கடையில் ஆரோக்கியம் பட்டனைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து ஒன்று, ஐந்து ஒன்று, ஒற்றை நோட்டு இரண்டு. கொடுத்தேன். நரசிம்மன் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மாடியறையில் ஆரோக்கியம் பூட்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டு நரசிம்மனைக் கட்டிக்கொண்டு அழுதான். "எங்கப்பன் இருந்தாக்கூட வாங்கிக் குடுத்திருக்க மாட்டாரு" என்றான். நரசிம்மன் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே, அவன் தோளுக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் பாயை உதறிப் போட்டுக்கொண்டேன்.

பொன்மலை

ஊர் திரும்பி, பூட்ஸில் ஆரோக்கியம் குழந்தை மாதிரி தடுமாறினான். பந்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். காலனிப் பையன்கள் கைதட்டிச் சிரித்தார்கள். மண்டிக்குப் போகுமுன் தினம் விடியற்காலையில் நான் போய் அவனுக்குப் பந்து எடுத்துப் போட்டேன். நரசிம்மன் எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை வந்து, "சபாஷ்டா!" என்று கத்திவிட்டுப் போவான். முடிந்ததும் ஆரோக்கியம் தானே குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொள்வான். நான் ஊக்கைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவதை விட்டுவிட்டேன்.

அவன் செலக்ட் ஆனான். பர்மனெண்ட்டும் ஆனான். பொன்மலைக்குப் போனவன் அங்கேயே வீடு பார்த்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கல்யாணம் மட்டும் விழுப்புரம் சர்ச்சில் நடந்தது. பந்தியில் ஆரோக்கியம் பெண்வீட்டார் எல்லாரிடமும் நரசிம்மனைக் காட்டி, "இவன் வாங்கிக் குடுத்த பூட்ஸுதான் மாமா எனக்குச் சோறு போடுது" என்று சொன்னான். அவர்கள் நரசிம்மன் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்கள். என்னைக் காட்டி, "இவன் பலராமன். ரெண்டு ஊசி போட்டுக்கின ஆளு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நரசிம்மன் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஆரோக்கியத்துக்கு வாரப் பத்திரிகை படிக்கிற பழக்கம் கிடையாது. அவன் மகள் படிப்பாள் என்று கேள்வி. படித்தால் படிக்கட்டும்.

கல்லா

அந்தக் கல்யாணத்துக்குச் சில வருஷம் கழித்து நான் மண்டியில் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தேன். மல்லாட்டை வரத்து அதிகமான ஒரு நாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நரசிம்மன் வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மில் பழைய மாதிரி ஓடவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"நமக்குள்ள ஒரு பழைய கணக்கு இருக்குதே பலராமா" என்றான். "ஊருக்கு வந்ததும் தரேன்னேன். அப்புறம் மறந்துபோச்சு. மறந்துபோச்சுன்னு சொல்றது பொய்தான். இந்தா."

பத்து ரூபாய் நோட்டு இரண்டை மேஜை மேல் வைத்தான்.

எத்தனையோ ராத்திரி நான் அந்தப் பணத்தைக் கேட்கிற மாதிரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் கேட்க, அவன் எந்தப் பணம் என்று விழிக்க, நான் கூட்டத்தில் கூனிக்குறுகி நிற்க. கேட்காமலேயே இருந்துவிட்டேன். இப்போது அவனே கொண்டுவந்து வைக்கிறான். வாங்கிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. தீர்ந்தால் என்ன ஆகும்? அந்தப் பூட்ஸ் முழுசாக அவனுடையதாகிவிடும்.

"மூணு ரூபா சில்லறை இல்லீங்க" என்றேன்.

கல்லா திறந்திருந்தது. ஒற்றை நோட்டும் நாணயமுமாக வழிந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மூணு ரூபா இன்னாடா மூணு ரூபா. வெச்சுக்க."

"வேணாங்க. கணக்குன்னா கணக்கா இருக்கணும். இன்னொரு நாளைக்குச் சரியா கொண்டாங்க."

அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீ பொல்லாத ஆளுடா" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுபடி எத்தனையோ தடவை பார்த்துக்கொண்டோம். அவனும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பாக்கி இன்னும் பதினேழு ரூபாய்.